திருதிரு முழி

கேள்வி: ‘திருதிருவென முழித்தான்’ என்கிறோமே, அந்தத் ‘திரு’வுக்கும் பெயருக்கு முன்னால் போடுகிற ‘திரு’வுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், தக்கலை

பதில்: இல்லவே இல்லை. இது இரட்டைக்கிளவி. சலசல, மடமட மாதிரி, பிரித்தால் பொருள் தராது. தப்பு செய்து மாட்டிக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் கண் மட்டும் அங்குமிங்கும் அலைகிற பார்வைதான் இது. எங்கள் வீட்டுப் பூனை சாளைக் கறிச் சட்டியில் தலையை விட்டு அம்மாவிடம் அகப்பட்டபோது முழித்ததே, அதேதான்! ஆனால் குட்டு உடைந்து, வாடிப்போய் நிற்பவனுக்கு இது பொருந்தாது, அவன் ‘தலையைத் தொங்கப்போட்டு’ நிற்கிறான். அப்புறம், வடசேரி சந்தையில் பர்ஸைத் தொலைத்துவிட்டுப் ‘பேந்தப் பேந்த’ விழிக்கிறவரிடம் குற்றமே கிடையாது, வெறும் திகைப்பு.