கெளுத்திக் குட்டையில் மருந்தைக் கரைக்கலாமா?

சேரன்மகாதேவிப் பக்கம் பண்ணைக்குட்டையில் நாட்டுக் கெளுத்தி வளர்க்கும் ஒருவர் கேட்கிறார்: "மழைக்கு அப்புறம் மீன் வயிற்றில் செம்புள்ளி, துடுப்பில் அரிப்பு. தினமும் நாலைந்து செத்து மிதக்குது. ஆக்சிடெட்ராசைக்ளின் பவுடரைக் குட்டையில் கரைக்கச் சொல்றாங்க. செய்யலாமா? கோழிக் கழிவுதான் தீனி."

வேண்டாம் அண்ணாச்சி. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். மீனுக்குள் போவது சொற்பம்தான். பணமும் போய், மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்த்துவிடுவீர்கள்.

அறிகுறிகளைப் பார்த்தால் ஏரோமோனாஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அது எல்லாக் குட்டையிலும் இருப்பதுதான். மீன் தளர்ந்தால்தான் தாக்கும். கெளுத்தி மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் கெட்டது வெளியே தெரிவதில்லை. அடியில் அழுகும் கோழிக் கழிவு அம்மோனியாவைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். இரண்டு நாள் தீனியே வேண்டாம். அடித்தண்ணீரில் கால் பங்கை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பை இப்போது அள்ளிப் போடாதீர்கள். காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். செத்ததைத் தினமும் எடுத்துக் குழியில் புதையுங்கள், வாய்க்காலில் வீசக் கூடாது.

அப்புறம் பரிசோதனை. செத்த மீன் உதவாது. நோயோடு உயிருள்ள நாலைந்தைத் தண்ணீரோடு பையில் கட்டி, விடியற்காலையிலேயே தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும்.

ஆக்சிடெட்ராசைக்ளின்தான் என்று அவர்கள் சொன்னால், தீவனத்தில் கலந்துதான் கொடுக்க வேண்டும். கிலோ மீனுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம், 10 நாள். 200 கிலோ மீன் என்றால் தினம் 15 கிராம். இது மருந்தின் எடை, பவுடரின் எடை இல்லை. பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கணக்கிடுங்கள். 4 கிலோ குருணைத் தீவனத்தில் மருந்தைப் புரட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் பிசறி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். தீனி எடுக்காத மீனுக்கு இது போய்ச் சேராது. அதனால்தான் நாள் கடத்தக் கூடாது என்கிறேன். இரண்டு நாளில் சாவு குறைந்தாலும் 10 நாளும் கொடுத்து முடியுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; அவை தடை செய்யப்பட்டவை.

மருந்து முடிந்து 3 வாரம் போகாமல் ஒரு மீனையும் விற்கக் கூடாது, வீட்டுக் குழம்புக்கும் எடுக்கக் கூடாது. நோய் மீனைக் கையுறை போட்டே பிடியுங்கள். முள் குத்தினால் அந்தக் கிருமி உங்கள் கையிலும் புண்ணாகும். வீங்கிச் சிவந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, மீன் முள் என்று சொல்லிவிடுங்கள்.