3 ஆண்டு ஓடிய காருக்குப் பாலிசி: ஐடிவியைக் குறைக்கலாமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். 3 ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய 1,200 சிசி காரின் பாலிசி இம்மாதம் முடிகிறது. இதுவரை க்ளெய்ம் செய்ததில்லை. ஆனாலும் பிரீமியம் மிகவும் கூடியிருக்கிறது. ஐடிவியை (பாலிசியில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு) 4,80,000 ரூபாயிலிருந்து 4,00,000 ரூபாயாகக் குறைத்தால் 1,100 ரூபாய் மிச்சமாகும் என்கிறார் முகவர். ஜீரோ டெப் (தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் கூடுதல் காப்பீடு), இன்ஜின் பாதுகாப்பு இரண்டும் அவசியமா?

பதில்: பிரீமியம் கூடியதற்குக் காரணம் இருக்கிறது. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. அந்தத் தொகையை வாங்கியபோதே கட்டிவிட்டதால், இடையில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தை மட்டுமே செலுத்தி வந்திருப்பீர்கள். இப்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன. மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது என்பதால் அதில் பேரத்துக்கு இடமில்லை.

ஐடிவியைக் குறைக்காதீர்கள். கார் திருடுபோனாலோ, பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பாகக் கருதப்பட்டாலோ, உங்களுக்குக் கிடைக்கும் இழப்பீடு ஐடிவியை ஒட்டித்தான் அமையும். 1,100 ரூபாய்க்காக 80,000 ரூபாயை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. (பிரீமியம் அதிகமாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவாரே என்பது முகவரின் கவலை.)

ஜீரோ டெப் இல்லாத பாலிசியில், 3 ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிப்பார்கள். 12,000 ரூபாய் பம்பரை மாற்றினால், தேய்மானம் 6,000 ரூபாயும் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்கவேண்டிய தொகை) 1,000 ரூபாயும் உங்கள் பொறுப்பு. ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 ரூபாய் மட்டும். ஆனால் க்ளெய்ம் செய்யும் முன் நோ க்ளெய்ம் போனஸையும் (க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகத் தரப்படும் தள்ளுபடி) பாருங்கள். இப்போது சொந்தச் சேத பிரீமியத்தில் உங்களுக்கு 35 சதவீதத் தள்ளுபடி உண்டு. அடுத்த ஆண்டு 45 ஆகவேண்டிய அது, ஒரே க்ளெய்மில் பூஜ்யமாகிவிடும். ஆகவே சிறு கீறல்களைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால், வேளச்சேரிவாசியான நீங்கள் இன்ஜின் பாதுகாப்பை எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பகுதி அது. வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும் என்றாலும், தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால், அது பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசியில் மறுத்துவிடுவார்கள். இந்தக் கூடுதல் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரில் சாவியைத் திருகாமல் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.