பத்தாவது ஆள்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் ஆண்களுக்குப் பாதரக்குடி சைவ மடத்தில் உபதேசம். நானோ கோவிலூர் மடத்தில் வேதாந்தப் பாடம் கேட்கிறேன். முக்தியில் உயிர் சிவத்தோடு கூடியிருக்கும் என்கிறது சைவ சித்தாந்தம். நீயே பிரம்மம், அதை அறிந்தால் போதும் என்கிறது வேதாந்தம். கடைசியில் எல்லாம் ஒன்றுதானே? வீட்டில் கோபிக்கிறார்கள். ஆப் வைத்துத் தியானம் செய்யலாமா?

க., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

ஆப் பற்றி எனக்குத் தெரியாது. வீட்டுக் கோபம் தீபாவளிக்குள் அடங்கிவிடும். ஆனால் 'எல்லாம் ஒன்றுதானே' என்றதும் எரிச்சல் வந்துவிட்டது. படிக்காமல் தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் 1313-இல் 'சங்கற்ப நிராகரணம்' என்ற நூலில் மாயாவாதம் (நீங்கள் படிக்கும் வேதாந்தம்தான்) முதலான மதங்களை வரிசையாக எடுத்து மறுத்தார். வேலையில்லாமலா? தாயுமானவர் சமரசம் பாடினார், சரி. அவர் இரண்டையும் கரைத்துக் குடித்தவர். நீங்கள் இன்னும் டம்ளரையே எடுக்கவில்லை.

எங்கள் ஐயா கோவிலூரில் பாடம் கேட்டவர். அப்பத்தாவுக்குத் துலாவூர் சைவ மடத்தில் உபதேசம். ஒரு மத்தியானம் பட்டாலையில் உட்கார்ந்து ஐயா பத்துப் பேர் கதை சொன்னார். ஆற்றைக் கடந்த பத்துப் பேரும் ஆளாளுக்குத் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருத்தன் போய்விட்டான் என்று அழுதார்களாம். வழிப்போக்கன் ஒருவன் வந்து, "பத்தாவது ஆள் நீதான்" என்றானாம். "புதுசா எதுவும் கிடைக்கலை பாரு, அதுதான் ஞானம்" என்றார் ஐயா.

கொட்டான் முடைந்துகொண்டிருந்த அப்பத்தா, நனைத்த ஓலையை மடக்கியபடியே கேட்டார்: "வழிப்போக்கன் வரலைன்னா?"

சித்தாந்தம் மொத்தமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது, தம்பி. உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும். கண் இருந்தாலும் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் அருள். கூடிய பிறகும் இரண்டும் ஒரே பொருளாகிவிடுவதில்லை. தாளும் (திருவடி) தலையும் சேர்ந்தால் 'தாடலை' என்கிறது உமாபதி சிவத்தின் திருவருட்பயன். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அப்பத்தாவுக்குப் புணர்ச்சி விதியெல்லாம் தெரியாது.

ஐயாவும் விடவில்லை. "வழிப்போக்கன் கனவுல வந்த புலி மாதிரி. புலி பொய். பயந்து முழிச்சது நிஜம்."

"அந்தப் புலியை அனுப்புனது யாருன்னுதான் கேக்குறேன்."

ஐயா வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மடியிலேயே இருந்தது.

பாடத்தை விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் கதை எப்படியும் ஒருநாள் வரும். அன்றைக்கு அப்பத்தாவின் கேள்வியைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஐயா கடைசிவரை சொல்லவில்லை.