எல்.கே.ஜி போற வாண்டுக்கு ஏபிசிடி இப்பவே தெரியணுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, என் பையனுக்கு மூணரை வயசு, வர்ற ஜூன்ல எல்.கே.ஜி சேர்க்கறோம். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏ டு இசட் எழுதுறா, 50 வரைக்கும் கடகடன்னு சொல்றா. இவன் பென்சில் குடுத்தா செவுத்துல கிறுக்கறான், நோட்டை நீட்டினா ஓடியே போயிடறான். ஸ்கூல்ல இவன் மட்டும் தனியா தெரிவானோன்னு பயமா இருக்கு. (ஒரு அம்மா, ஈரோடு)

பதில்: கிறுக்கட்டும் விடும்மா, செவுத்துக்கு அப்புறமா சுண்ணாம்பு அடிச்சுக்கலாம். இந்த வயசுல விரல்ல இன்னும் பலம் வந்திருக்காது, தோள்ல இருந்தும் முழங்கைல இருந்தும்தான் கை ஓடும், அதான் பெருசா கிறுக்கறது புடிக்குது, நாலு கோடு நோட்டுக்குள்ள அடக்குன்னா ஓடறான். மூணு விரல்ல பென்சில் ஒழுங்கா நிக்கறது நிறைய பிள்ளைங்களுக்கு நாலு, அஞ்சு வயசுலதான் வரும். அதுவரைக்கும் நீ சப்பாத்தி போடறப்ப ஒரு உருண்டை மாவு குடு, பச்சைப் பட்டாணி உரிக்கச் சொல்லு, துணி காயப்போடறப்ப கிளிப் மாட்ட விடு, வாசல்ல சாக்பீஸ் குடு. எல்லாமே எழுதறதுக்கான வேலைதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதினா எழுதட்டும், அதைப் பாத்து இவனை உக்கார வெச்சு கையைப் புடிச்சு எழுத வெக்காத, பென்சிலைக் கண்டாலே வெறுத்துடுவான்.

எழுத்து சொல்லிக் குடுக்கத்தான் ஸ்கூல்ல மிஸ் இருக்காங்க. ஆனா ஒரு கிளாஸ்ல அத்தனை வாண்டுங்களை வெச்சுக்கிட்டு அவங்களால ஒவ்வொருத்தருக்கா ஊட்டி விட முடியாது. அதனால நான் கேக்கறது வேற, உன் பையன் அவனே ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறப்பானா? கடைல அழகா கார்ட்டூன் படம் போட்டு ஒரு டப்பா விப்பாங்க, மூடியைத் திறக்க நமக்கே நகம் பேந்துடும், புள்ள என்ன பண்ணும், திறக்காமலே திருப்பிக் கொண்டாந்துடும். வாங்கறப்பவே அவன் கைல குடுத்து திறந்து மூடச் சொல்லு, வாட்டர் பாட்டிலுக்கும் அதேதான். இன்னைக்கே போனை ஆஃப் பண்ணிட்டு, தட்டுல நாலு வாய் இட்லி அவனே எடுத்துச் சாப்பிட விடு, சிந்தினா சிந்தட்டும்.

அடுத்தது பாத்ரூம், இதைத்தான் யாரும் யோசிக்கறதே இல்ல. வீட்டுல வெஸ்டர்ன் இருக்கும், ஸ்கூல்ல இந்தியன் இருக்கும், புள்ள பயந்துக்கிட்டு மதியம் வரைக்கும் அடக்கி வெச்சுக்கும். அட்மிஷன் போடப் போறப்பவே அந்த பாத்ரூமையும் ஒரு தடவை காட்டிடு. வீட்டுல நீங்க வெச்சிருக்கற செல்லப் பேரு மிஸ்ஸுக்குப் புரியாது, "மிஸ், பாத்ரூம் போகணும்"னு சொல்லப் பழக்கு. பெல்ட், ஜிப் வெச்ச ட்ரவுசர் வேண்டாம், எலாஸ்டிக் போதும், அவனே இறக்கி ஏத்திக்கணும்.

கேள்வி: பேத்தி ராத்திரி பகல் எங்கிட்டதான் இருப்பா. எல்.கே.ஜி-ல கொண்டு போய் விடறப்ப, அவ விளையாடற நேரம் பாத்து நைசா நழுவி வந்துடுங்க மாமான்னு மருமக சொல்றா. செய்யலாமா? (ஒரு தாத்தா, மதுரை)

பதில்: வேண்டாம்யா. திரும்பிப் பாக்கறப்ப தாத்தாவைக் காணோம்னா மறுநாள் உங்க வேட்டியை விடவே மாட்டா. சொல்லிட்டே கிளம்புங்க, ஆனா சுருக்கமா. 12 மணிக்கு வரேன்னா அவளுக்கு விளங்காது, "ஸ்நாக்ஸ் சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் தாத்தா வந்துடுவேன்"னு சொல்லுங்க, சொன்ன மாதிரி கேட்ல நில்லுங்க. அழறாளேன்னு ஜன்னல் வழியா எட்டிப் பாக்காதீங்க, அடங்கின அழுகை மறுபடி ஆரம்பிச்சுடும். முதல் ரெண்டு நாள் சிரிச்சுக்கிட்டே போயிட்டு மூணாவது நாள் ஊரைக் கூட்டற பிள்ளைங்களும் உண்டு, லீவு முடிஞ்ச திங்கக்கிழமையும் அழுகை வரும், பதறாதீங்க. அழுதா மிஸ் ஊசி போடுவாங்கன்னு மட்டும் வீட்டுல யாரும் சொல்லிடக் கூடாது, அப்புறம் அந்த மிஸ் மடில எப்படிப் போய் உக்காருவா? தூக்கத்தையும் இப்பவே சரி பண்ணுங்க, மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து 10ல இருந்து 13 மணி நேரம் வேணும். மே மாச லீவுல 11 மணி வரைக்கும் டிவி பாத்துட்டு ஜூன்ல காலைல 7 மணிக்கு எழுப்பினா அழாம என்ன செய்வா?

கேள்வி: பொண்ணை ஆர்.டி.இ-ல, அதான் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஒதுக்கற இலவச சீட்டுல, எல்.கே.ஜி சேர்க்க ஆசை, வயசு எவ்வளவு ஆகணும்? இன்டர்வியூ இருக்குமா? (ஆட்டோ ஓட்டற அப்பா, திருச்சி)

பதில்: தம்பி, அந்த வருஷம் ஜூலை 31-ல 3 வயசு முடிஞ்சிருக்கணும், 4 முடிஞ்சிருக்கக் கூடாது. தனியார் ஸ்கூல்ல 25 சதவீத சீட்டு, ஸ்கூல் வீட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். வருமானத்தைக் காட்டி அப்ளை பண்ணினா வருஷத்துக்கு 2 லட்சத்துக்குக் கீழ இருக்கணும். அப்ளிகேஷன் ஆன்லைன்ல, காசு கிடையாது, சீட்டை விட ஆள் அதிகமா வந்தா குலுக்கல். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 13-வது பிரிவுப்படி குழந்தையையோ பெத்தவங்களையோ டெஸ்ட் வெச்சுத் தேர்வு பண்ணக் கூடாது. அப்ளை பண்ற தேதி வருஷா வருஷம் மாறுது, அதனால பிறப்புச் சான்றிதழ், இருப்பிட ஆதாரம், சாதிச் சான்றிதழ் அல்லது வருமானச் சான்றிதழ் எல்லாத்தையும் இப்பவே எடுத்து வெச்சுடுங்க, கடைசி நேரத்துல இ-சேவை மையத்துல கூட்டம் தாங்காது.