பூண்டு நட்டால் தாள்தான் வருகிறதா?

வீட்டுத் தோட்டம்: கேள்வி – பதில்

மார்ச் மாதம் மாடியில் 10 பல் ஊன்றினேன். தாள் ஒரு சாண் வளர்ந்தது. மூன்று மாதம் கழித்துப் பிடுங்கினால் அடியில் பூண்டே இல்லை. மண்புழு உரம் போதவில்லையா?
– வாசகி, தாம்பரம்

உரத்தின் மீது பழி போடாதீர்கள். நட்ட மாதம்தான் தப்பு. பூண்டுக்கு முதல் இரண்டு மாதம் குளிர் வேண்டும். குளிர் பட்ட செடிதான், பிறகு பகல் நீண்டு வெயில் ஏறும்போது இலை விடுவதை நிறுத்திவிட்டு அடியில் பல் பிரிக்கும். மார்ச்சில் ஊன்றியது நேராக அக்னி வெயிலுக்குள் போய்விட்டது.

சமவெளியில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் ஊன்ற வேண்டும். சென்னைக் குளிர் அதற்கும் பத்தாது. அந்தக் குறையை ஃபிரிட்ஜ் ஓரளவு ஈடுகட்டும். செப்டம்பர் நடுவில், பல் பிரிக்காத முழுப் பூண்டைக் காகிதப் பையில் சுற்றிக் காய்கறித் தட்டில் 40 நாள் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வெளியே எடுத்த அன்றோ மறுநாளோ ஊன்றிவிடுங்கள். அடுக்களைச் சூட்டில் வாரக்கணக்கில் கிடந்தால் வாங்கிய குளிரின் பலன் குறைந்துவிடும்.

12 அங்குலச் செடிப்பைக்கு ஆறு பல் போதும். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, மணலோ தேங்காய் நார்த்தூளோ 1 பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஓரத்துப் பெரிய பல்லாக எடுத்து, தோலை உரிக்காமல், தட்டையான வேர்ப்பக்கம் கீழேயும் கூர்ப்பக்கம் மேலேயும் இருக்க 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளி. தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் முளை வளைந்து மேலே வருவதற்குள் பாதிச் சத்து போய், கழுத்து கோணிய பூண்டுதான் கிடைக்கும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை, வடகிழக்குப் பருவமழை. பையில் இரண்டு நாள் நீர் தேங்கினால் பல் அழுகிவிடும். பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடைமழை நாளில் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். மற்ற நாளில் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

கொடைக்கானல் மலைப்பூண்டை வாங்கி நடலாமா?
– வாசகர், மதுரை

சமையலுக்கு வாங்குங்கள், நடுவதற்கு வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டு பூம்பாறை, மன்னவனூர் மலைக்காட்டுக் குளிருக்குப் பழகியது. மதுரையில் பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். மத்தியப் பிரதேசத்திலிருந்து மளிகைக் கடைக்கு வரும் சாதாரண வெள்ளைப் பூண்டு சமவெளியில் விளைந்தது. மதுரைக்கு அதுவே மேல்.

பிடுங்கிய பூண்டு எல்லாம் சின்ன வெங்காயம் மாதிரி ஒரே பல்லாக இருக்கிறது. இது நோயா?
– வாசகி, கரூர்

நோயில்லை. பொடிப் பல்லை ஊன்றினாலோ, தாமதமாக ஊன்றினாலோ, குளிர் போதாவிட்டாலோ செடி பல் பிரிக்காமல் ஒரே உருண்டையாகத் திரண்டுவிடும். தாராளமாகச் சமைக்கலாம். அதையே வரும் அக்டோபரில் ஊன்றினால் பல் பிரிந்த பூண்டு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தாளின் நுனி காய்கிறது. தண்ணீர் விட்டும் சரியாகவில்லை.
– வாசகர், ஈரோடு

அடித்தாள் ஒன்றிரண்டு மட்டும் காய்ந்தால் விட்டுவிடுங்கள், அது வயசான இலை. நடுத்தாளில் வெள்ளி பூசினாற்போல் கீற்றுக் கீற்றாக இருந்தால் இலைப்பேன். தாள்கள் பிரியும் கவட்டை விரலால் விலக்கிப் பாருங்கள், ஒரு மி.மீ. நீளத்தில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் ஓடும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துச் செடியைத் தட்டுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கரைய நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல். மாலையில், அந்தக் கவட்டுக்குள் இறங்குமாறு தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மேலாகத் தெளித்துவிட்டு ‘வேப்பெண்ணெய் கேட்கவில்லை’ என்பவர்களே அதிகம்.

எப்போது பிடுங்குவது? போன வருஷம் எடுத்த பூண்டு ஒரே மாதத்தில் பூசணம் பிடித்தது.
– வாசகி, திருச்சி

தாள் முழுக்கக் காயும்வரை காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியும் பூண்டைச் சுற்றி ஒரு தோல். எல்லாத் தாளும் காய்ந்தால் தோல் மண்ணிலேயே மக்கி, பல் வாய் பிளந்துவிடும். அடித்தாள் மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக நிற்கும்போது எடுங்கள். ஊன்றியதிலிருந்து சுமார் 120 நாள் ஆகியிருக்கும். அதற்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தாளைப் பிடித்து இழுக்காமல், கரண்டியால் மண்ணை நெம்பி எடுங்கள்.

பூசணத்துக்குக் காரணம், கழுவியதாகவோ ஈரத்தோடு வைத்ததாகவோ இருக்கும். மண்ணைக் கையால் உதறினால் போதும். தாளோடு கொத்தாகக் கட்டி, நிழலில் காற்றோட்டமாக மூன்று வாரம் தொங்கவிடுங்கள். கழுத்தை நசுக்கினால் ஈரம் தெரியாமல் சருகாக நொறுங்க வேண்டும். பிறகு 2 செ.மீ. காம்பு விட்டு வெட்டி, கூடையில் வையுங்கள்.

தாளைப் பறித்துச் சமைத்தால் பூண்டு சிறுத்துவிடுமா?
– வாசகி, கோவை

சிறுத்துவிடும். தாளுக்கென்று தனித் தொட்டி வையுங்கள். 3 செ.மீ. இடைவெளியில் நெருக்கி ஊன்றலாம், மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரு சாண் வந்ததும் அடியில் இரண்டு விரல் விட்டு நறுக்குங்கள். இரண்டு மூன்று முறை துளிர்க்கும்.