கண்ணிலிருந்து மூளைக்கு: நரம்பிழைகள் வழியறிவது எப்படி?

கேள்வி (பள்ளி ஆசிரியர்): பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு வழிகாட்டுகிறதா?

பதில்: இல்லை. புரதங்களை ஆக்கும் மனித மரபணுக்களே சுமார் 20,000தான். இழையின் நுனியிலுள்ள வளர்முனை, மெல்லிய நீட்சிகளை நீட்டிச் சுற்றியுள்ள புரதங்களைத் தொட்டறிகிறது. ஈர்க்கும் புரதம் இருக்கும் பக்கம் அது நீள்கிறது. விலக்கும் புரதம் பட்டால் அந்தப் பக்கம் சுருங்குகிறது. இழைகள் விழித்திரையைவிட்டு வெளியேறும் வாயிலில் நெட்ரின்-1 என்னும் வழிகாட்டிப் புரதம் இல்லாத எலிகளில் பல இழைகள் கண்ணைவிட்டு வெளியேறுவதே இல்லை.

கேள்வி (முதுகலை மாணவி): மூளைக்குள் தன் இடத்தை இழை எப்படி அறிகிறது?

பதில்: இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இது. 1940களில் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி, நீர்நில உயிரிகளின் பார்வை நரம்பைத் துண்டித்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது. ஆனால் மேலே இரை தெரிந்தால் தவளை கீழே பாய்ந்தது, அப்பிழை திருந்தவே இல்லை. இழைகள் பயனை நோக்காமல் வேதி அடையாளங்களைப் பின்பற்றித் தம் பழைய இடங்களுக்கே சென்றிருந்தன. அந்த அடையாளங்களுள் முதன்மையானவை எஃப்ரின்-ஏ எனப்படும் விலக்கும் புரதங்கள் என்பது 1995-இல் தெளிவாயிற்று. நடுமூளையின் பின்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல அவற்றின் செறிவு கூடுகிறது. விழித்திரையின் நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகளில் அவற்றை உணரும் ஏற்பிகள் மிகுதி என்பதால் அவை முன்பகுதியிலேயே நின்றுவிட, மூக்குப் பக்கத்து இழைகள் பின்பகுதிவரை செல்கின்றன. எலி விழித்திரையில் சில செல்களில் மட்டும் ஏற்பியைக் கூட்டியபோது, மாற்றப்படாத அண்டை இழைகளும் இடம் பெயர்ந்தன. ஆகவே இழை நிலையான முகவரியைத் தேடுவதில்லை, அண்டை இழைகளோடு ஒப்பிட்டே இடம்பிடிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி (மருத்துவ மாணவர்): ஒரு கண்ணின் இழைகளுள் சில மட்டும் மூளையின் மறுபக்கத்துக்குக் கடக்காதது ஏன்?

பதில்: இரு நரம்புகளும் சந்திக்கும் இடத்தில் உள்ள எஃப்ரின்-பி2 என்னும் புரதம், அதற்கான ஏற்பியுடைய இழைகளை விலக்குகிறது. எலியில் இவ்வாறு திரும்புபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மனிதரிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல் கடக்காமல் அதே பக்கம் செல்கின்றன.

கேள்வி (ஒரு தாய்): பிறக்கும்போதே இணைப்புகள் முடிந்துவிடுமா?

பதில்: முடிவதில்லை. வேதிக் குறிப்புகள் தரும் வரைபடம் சற்றுக் கரடுமுரடானது. கண் திறக்கும் முன்பே விழித்திரையில் தானாக எழும் மின் அலைகள் அதைச் சீராக்குகின்றன. பிறந்தபின் பார்வை அனுபவம் பெருமூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) இணைப்புகளை உறுதிப்படுத்துகிறது. அடர்ந்த பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே அகற்ற மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். தயவுசெய்து அந்த அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.