உரிமத்தை அள்ளிக் கொடுத்தால் கஞ்சாத் தொழில் வளருமா? ஓக்லஹோமாவில் நடந்தது

ஒரு மாநிலம் கஞ்சா உரிமத்தைத் தாராளமாகக் கொடுத்தால் தொழில் வளருமா, எந்த மாநிலத்தை உதாரணமாகப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டல்சாவில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கண்ணெதிரே பார்த்த அமெரிக்க மாநிலமான ஓக்லஹோமாவைப் பற்றியே சொல்கிறேன்.

2018 ஜூனில் இங்கே மருத்துவக் கஞ்சாவுக்காகப் பொது வாக்கெடுப்பு நடந்தது, சுமார் 57 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். மற்ற பல மாநிலங்களில் இத்தனை உரிமம்தான் என்று உச்சவரம்பு இருக்கும், அல்லது முதலீட்டுக் கணக்கு காட்ட வேண்டும், அல்லது யாருக்கு உரிமம் என்று லாட்டரி குலுக்குவார்கள். இங்கே அப்போது அது எதுவும் இல்லை. வயது 25, சமீப வருடங்களில் பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கக்கூடாது, பங்கில் 75 சதவீதம் இந்த மாநிலத்துக்காரர் பெயரில் இருக்க வேண்டும், கட்டணம் அப்போது 2,500 டாலர். அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டால் இரண்டு வாரத்தில் முடிவு சொல்லியாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நோயாளிக்கும் இன்ன நோய் இருந்தால்தான் என்ற பட்டியல் இல்லை, டாக்டர் பரிந்துரைத்தால் கஞ்சா வாங்கும் அட்டை கிடைத்துவிடும்.

சுமார் 40 லட்சம் பேர் உள்ள மாநிலத்தில் 2,000-க்கும் மேல் கடைகள் வந்துவிட்டன. பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒன்று, பழைய பீட்சா கடை இருந்த இடத்தில் ஒன்று, எங்கே திரும்பினாலும் பச்சைச் சிலுவை போர்டு. பயிரிடும் உரிமங்கள் ஒரு கட்டத்தில் 9,000-ஐத் தாண்டின. நிலம் மலிவு என்பதால் வெளி மாநிலப் பணம் வந்து கொட்டியது.

சிக்கல் அந்த 75 சதவீத விதியில்தான் ஆரம்பித்தது. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து, கையில் ஒரு தொகை கொடுத்து, காகிதத்தில் அவரை முதலாளி ஆக்கிவிட்டால் முடிந்தது, நம்ம ஊர் பினாமி வேலையேதான். உண்மையான முதலாளி யார் என்று போய்ப் பார்க்க ஆரம்பத்தில் போதுமான ஆய்வாளர்களே இல்லை. ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட டேக் கட்டி விதையிலிருந்து விற்பனை வரை கணக்கு வைக்கும் முறையே 2022-இல்தான் கட்டாயமானது. நாலு வருடம் கழித்து! அதற்குள் எவ்வளவு சரக்கு மாநில எல்லையைத் தாண்டிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சட்டப்படி ஒரு கிராம்கூட வெளியே போகக்கூடாது, ஆனால் உள்ளே வாங்க ஆள் இல்லை. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி உரிமம் பெற்ற நோயாளிகளின் 1 கிராம் தேவைக்கு 64 கிராம் சரக்கு இருந்தது.

2022 நவம்பரில் ஹென்னஸி என்ற சிற்றூர் பக்கத்தில் ஒரு கஞ்சாப் பண்ணையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில் பொழுதுபோக்குக் கஞ்சாவையும் அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது 77 மாவட்டங்களிலும் தோற்றது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டிலிருந்து, புதிய வணிக உரிமங்களை அரசு நிறுத்தி வைத்துவிட்டது. பயிரிடும் உரிமங்கள் பிறகு உச்சத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன.

இதில் அடிபட்டது ஒழுங்காகத் தொழில் செய்ய வந்த சின்ன ஆட்கள்தான், எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். சேமிப்பைப் போட்டுக் கொட்டகை கட்டி, பரிசோதனைக் கூடத்துக்குச் சரக்கு அனுப்பி, வரி கட்டியவர்கள் கணக்கில் வராத சரக்கோடு விலையில் போட்டி போட முடியுமா? இதற்கு மேல் மத்திய வருமான வரி வேறு. அந்த வருடங்களில் மத்திய சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்திருந்ததால், கடை வாடகையையும் சம்பளத்தையும் செலவாகக் கழிக்க முடியாது, சரக்கு வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். 100 டாலர் விற்பனை, சரக்கு 60, மற்ற செலவு 30 என்றால் கையில் நிற்பது 10. ஆனால் வரி 40-க்கு. 21 சதவீதம் என்று வைத்தால் 8.40 போய்விடும். மிச்சத்தை வைத்து எப்படிக் கடை நடத்துவது? பெரும்பாலான வங்கிகளும் பக்கத்தில் சேர்க்காததால் எல்லாம் ரொக்கம், கடைக்குக் கடை மூலையில் ஒரு ஏடிஎம்.

கட்டணம் குறைவாக இருந்ததைக் குறை சொல்ல மாட்டேன், பணக்காரர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பதைவிட அது நல்லதுதான். ஆய்வாளர்களையும் டேக் முறையையும் முதலில் தயார் செய்துவிட்டு, அப்புறம் உரிமம் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம், விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் சிலர் இதில் பணம் போடலாமா, வேலைக்குச் சேரலாமா என்று கேட்கிறார்கள். மாநிலத்தில் சட்டப்பூர்வம் என்பது குடியேற்றத் துறையிடம் செல்லாது. இந்தத் தொழிலில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் அவர்களே வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நண்பர் கடையில் சும்மா ஒரு பங்குதான் என்றாலும்கூட.